கண் விழித்தால் தொழில் வளருமா?

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தொழில் வணிகக் கூட்டமைப்பின் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் இதயநோயைப் பற்றி எளிய சொற்களில் விளக்கி அமர்ந்த மருத்துவப் பேராசிரியர் அவர்களே, தொழிற்சங்கங்களின் பொறுப்பாளர்களே, நிறுவனங்களின் மனிதவளத் துறையினரே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நிர்வாகத்தில் இருப்பவர்களும் தொழிலாளர்களும் ஒரே வரிசை நாற்காலிகளில் அமர்ந்து ஒரே பேச்சைக் கேட்கிற கூட்டங்கள் அரியவை. அப்படியொரு கூட்டத்தைக் கூட்டியதோடு, தம் உறுப்பினர்களில் பலருக்கு உவப்பாக இராது என்று தெரிந்தும் இந்தத் தலைப்பைத் தாமே தேர்ந்து கொடுத்த கூட்டமைப்பின் தலைவர் அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றியைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது முறையாகாது. அவைத்தலைவர் அவர்கள் பல்லாண்டுகளாகத் தொழிலாளர் தகராறுகளில் நடுவராக அமர்ந்து இரு தரப்பின் மதிப்பையும் பெற்றவர். அவருடைய தலைமையில் பேசும் வாய்ப்பை நான் பெருமையாகக் கருதுகிறேன்.

குறைவாக உறங்குகிற ஊழியரும், அத்தகைய ஊழியர்களை வைத்து நடத்தப்படும் நிறுவனமும் அதிக வெற்றி பெறுகிறார்களா என்பதுதான் தலைப்பு. இல்லை என்பது என் விடை. அதை மூன்று கோணங்களில் சொல்ல விரும்புகிறேன். விழித்துக்கொண்டே இருக்கும் மூளைக்கு என்ன நேர்கிறது என்பது முதலாவது. நிறுவனத்தின் கணக்கில் என்ன நேர்கிறது என்பது இரண்டாவது. உழைப்பவர்களின் உறக்கத்தை, குறிப்பாக வீட்டு வேலையையும் சுமக்கும் பெண்களின் உறக்கத்தை, எப்படிக் காப்பது என்பது மூன்றாவது. என் பேச்சை முன்பே கேட்டவர்களுக்கு நான் கடைசியில் எந்தப் பழமொழியில் வந்து நிற்பேன் என்பது தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

நான்கு மணி நேரம் உறங்கி உலகை வென்றவர்களின் கதைகள் நமக்கு நிறையச் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் முதலில் வருபவர் தாமஸ் எடிசன். உறக்கத்தைக் காலவிரயம் என்று கருதிய அவர், நாளைக்கு நான்கைந்து மணி நேரமே உறங்குவதாகச் சொல்லிக்கொண்டவர். அதே எடிசனின் ஆய்வகத்தில் அவர் பகலில் படுத்து எழுவதற்கென்று ஒரு கட்டில் இருந்தது என்பதையும், பகல் தூக்கத்தில் அவர் இருக்கும் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன என்பதையும் அந்தக் கதையைச் சொல்பவர்கள் சொல்வதில்லை. பிறவியிலேயே குறைந்த உறக்கம் போதுமான உடல்வாகு கொண்டவர்கள் உண்மையில் இருக்கிறார்கள். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்றை 2009ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஒரு தாயிடமும் மகளிடமும் கண்டறிந்தார்கள். ஆனால் அது மிக மிக அரிது. அரிதான ஒருவருக்குப் பொருந்துவதை ஆயிரம் பேர் வேலை செய்யும் கூடத்துக்கு விதியாக்குவது அறிவுடைமை ஆகாது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர உறக்கத்துக்கு முன்னுரிமை தருவதாக அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். நல்ல முடிவுகளை எடுப்பதுதான் தம் வேலை என்பது அவர் சொன்ன காரணம்.

இனி மூளைக்கு வருவோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். நல்ல உடல்நலம் கொண்ட 48 பேரைப் பிரித்து, சிலரை நாளுக்கு எட்டு மணி நேரமும், சிலரை ஆறு மணி நேரமும், சிலரை நான்கு மணி நேரமும் 14 நாட்கள் படுக்க வைத்தார்கள். இன்னொரு பிரிவினரை மூன்று நாட்கள் முற்றிலும் விழித்திருக்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனமும் நினைவும், இரண்டு இரவுகள் வரை கண்ணே மூடாதவர்களின் நிலைக்குச் சமமாக இறங்கியிருந்தன. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நாளுக்கு நாள் தங்கள் திறன் சரிந்துகொண்டே போனதை அவர்கள் உணரவில்லை. தங்களுக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கம்தான், சமாளித்துவிடலாம் என்றே மதிப்பிட்டார்கள்.

இதற்கு நான் நேரடியாக அறிந்த ஒரு சான்று உண்டு. பொருள்களைப் பொட்டலமிட்டு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் கிடங்குப் பொறுப்பாளர் என் நெருங்கிய நண்பர். அந்த நிறுவனத்தின் முதலாளி நான்கு மணி நேரத்துக்கு மேல் உறங்காதவர். அதைப் பெருமையாகச் சொல்பவர். இரவு பத்து மணிக்குக் கூட்டம் போட்டு, ஒரு மணிக்கு மின்னஞ்சல் அனுப்பி, காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று யார் தாமதமாக வருகிறார்கள் என்று பார்ப்பவர். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம். கொள்முதல் பிரிவில் ஓர் இளைஞர், பல நாட்களாக நள்ளிரவு தாண்டியே வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். பெட்டிகளில் ஒட்டும் விலைச்சீட்டுக்கு 500 உருளைகள் வேண்டும் என்று ஆணை தயாரிக்கச் சொன்னார்கள். அவர் விரல் பூஜ்யத்தின் மேல் ஒரு முறை கூடுதலாக விழுந்துவிட்டது. 5,000 உருளைகள் என்று ஆணை தயாராயிற்று. அதைச் சரிபார்க்க வேண்டிய மேற்பார்வையாளர், வீட்டில் படுக்கையில் சாய்ந்தபடி தொலைபேசியிலேயே ஒப்புதல் அழுத்தினார். அதற்கும் மேலே ஒருவர் ஒப்புதல் தர வேண்டும், அவரும் தந்தார்.

பத்தாம் நாள் காலையில் லாரிகள் வந்தன. முதல் லாரியை இறக்கினார்கள். இரண்டாவது வந்தது. அதையும் இறக்கினார்கள். மூன்றாவது லாரி வந்து ஹாரன் அடித்தபோது என் நண்பர் கிடங்கின் கதவை மூடிவிட்டு, இடமில்லை என்று கையை விரித்தார். ஓட்டுநர் ரசீதைக் காட்டினார்; ரசீதில் எல்லாம் சரியாக இருந்தது. சீட்டு உருளைகள் கிடங்கிலிருந்து நடைபாதைக்கு வந்தன; நடைபாதையிலிருந்து கூட்ட அறைக்கு வந்தன; இரவு பத்து மணிக் கூட்டம் நடக்கும் மேசையின் மேலேயே அடுக்கப்பட்டன. மாலையில் முதலாளி வந்து பார்த்தார். "யார் இதற்கு ஒப்புதல் கொடுத்தது, உடனே என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள்" என்று அவர் போட்ட சத்தத்தில் அந்தக் கட்டடமே அதிர்ந்தது. கணினியில் பதிவை எடுத்துக் கொடுத்தார்கள். முதல் பெயர் அந்த இளைஞருடையது. இரண்டாவது மேற்பார்வையாளருடையது. மூன்றாவது பெயர் முதலாளியுடையது. நேரம் அதிகாலை இரண்டு மணி. அப்படியொரு ஒப்புதல் கொடுத்ததே அவருக்கு நினைவில் இல்லை. உருளைகளில் அச்சிட்டிருந்தது முடியப்போகிற ஆண்டின் எண். அடுத்த ஆண்டுக்கு அவை உதவா. இத்தனைக்கும் பிறகு அவர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? இரவு வேலையை நிறுத்தவில்லை. ஒப்புதல் தர நான்காவதாக ஓர் ஆளை நியமித்தார்.

அந்த இளைஞர் வேலையை இழந்தார் என்பதையும் நான் இங்கே சொல்லியாக வேண்டும். தவறு செய்தவர்கள் மூவர், தண்டனை ஒருவருக்கு.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஒருவர் குடித்துவிட்டு வேலைக்கு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம்; இரவெல்லாம் விழித்துவிட்டு வந்தால் அர்ப்பணிப்பு என்று பாராட்டுகிறோம். 1989 மார்ச் 24ஆம் நாள் நள்ளிரவைத் தாண்டிய சில நிமிடங்களில் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறைத்திட்டில் மோதி ஏறத்தாழ நான்கு கோடி லிட்டர் எண்ணெயைக் கொட்டியதே, அந்த விபத்துக்கு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன காரணங்களுள் ஒன்று, அளவுக்கு மீறிய வேலையால் மூன்றாம் நிலை அதிகாரிக்கு ஏற்பட்டிருந்த களைப்பு.

கணக்குப் பக்கத்தைப் பார்ப்போம். ராண்ட் ஐரோப்பா நிறுவனம் 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, போதிய உறக்கமின்மையால் அமெரிக்கப் பொருளாதாரம் ஆண்டுக்கு 411 பில்லியன் டாலர் வரை, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.28 விழுக்காடு வரை இழக்கிறது. ஜப்பானின் இழப்பு 2.92 விழுக்காடு வரை போகிறது. இது நோய்வாய்ப்பட்டு வராமல் போகும் நாட்களின் இழப்பு மட்டுமன்று, வேலைக்கு வந்தும் வேலை ஓடாமல் போகும் நேரங்களின் இழப்பும் சேர்ந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் திரட்டப்பட்ட பதிவேடுகளைப் பொருளியல் அறிஞர் ஜான் பென்காவெல் நூறாண்டு கழித்து மீண்டும் ஆராய்ந்தார். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தி, 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தியைவிடச் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை என்று கண்டார். பதினான்கு மணி நேரம் உறக்கத்திலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிடுங்கப்பட்டது; அதற்கு ஈடாக ஆலைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஆலைகளில் உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள் என்பதைத் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் கருத்துக்கு எதிராகத் தோன்றும் ஒரு சான்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2021இல் வெளியான ஆய்வொன்றில், சென்னையில் தரவு உள்ளீட்டு வேலை செய்த குறைந்த வருவாய்க்காரர்களுக்கு இரவில் ஏறத்தாழ அரை மணி நேரம் கூடுதலாக உறங்க உதவினார்கள், வேலைத்திறன் கூடவில்லை. ஆனால் அவர்களே பகலில் அலுவலகத்தின் அமைதியான மூலையில் அரை மணி நேரம் உறங்கியபோது கவனமும் வேலைத்திறனும் உயர்ந்தன. அவர்களுடைய இரவு உறக்கம் பல முறை கலைந்து கலைந்து அமைந்ததாக அந்த ஆய்வே பதிவு செய்கிறது. கலையாத ஓய்வு வேண்டும் என்றுதான் நான் இத்தனை காலம் மேடைதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் பதினொரு மணி நேரக் கோரிக்கைக்கு வருகிறேன். ஒரு நாள் வேலை முடிவதற்கும் மறு வேலை தொடங்குவதற்கும் இடையே, இடைவிடாத பதினொரு மணி நேரம் சட்டத்தால் காக்கப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர நெறிமுறை இதே பதினொரு மணி நேரத்தை உறுப்பு நாடுகளுக்கு விதித்திருக்கிறது. அளவுகடந்த உழைப்பால் இறப்பவர்களைக் குறிக்கத் தனிச் சொல்லையே கொண்ட ஜப்பானும், 2019 முதல் இத்தகைய இடைவெளி தர முயல வேண்டும் என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. முயல வேண்டும் என்ற சொல்லோடு அது நின்றுவிட்டதில் எனக்கு நிறைவில்லை. போய்வர இரண்டு மணி நேரம், குளிக்கவும் உண்ணவும் பிள்ளைகளோடு பேசவும் இரண்டு மணி நேரம் என்று கழித்துப் பாருங்கள், உறங்குவதற்கு ஏழு மணி நேரம் மிஞ்சும். ஒன்பது மணி நேர இடைவெளி கொடுத்தால் ஐந்துதான் மிஞ்சும். வீட்டுக்குப் போன பிறகு சமையலும் துவைப்பும் காத்திருக்கும் பெண்ணுக்கு அதுவும் மிஞ்சாது.

அந்தப் பதினொரு மணி நேரத்துக்குள் தொலைபேசியும் ஒலிக்கக் கூடாது. வேலை நேரத்துக்குப் பிறகான தொடர்பிலிருந்து விலகி இருக்கும் உரிமை பிரான்சில் 2017இலும் ஆஸ்திரேலியாவில் 2024இலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்நாடுகளில் தொழில்கள் மூடப்பட்டுவிடவில்லை. மருத்துவமனையும் தீயணைப்பும் நள்ளிரவிலும் இயங்க வேண்டுமே என்று கேட்பார்கள். இயங்கட்டும், ஆளைக் கூட்டி ஷிஃப்டைச் சீராக வகுக்கட்டும். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பயிற்சி மருத்துவர்களின் 24 மணி நேரப் பணியை நீக்கிப் பார்த்தார்கள். பழைய முறையில் அவர்கள் செய்த கடுமையான தவறுகள் புதிய முறையைவிட 36 விழுக்காடு அதிகம் என்று 2004இல் தெரியவந்தது. நோயாளியின் உயிரைக் காக்கவே மருத்துவரை உறங்கவிட வேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

கூட்டமைப்பின் தலைவர் அவர்களிடம் இந்த மேடையிலேயே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சட்டம் வரும்வரை காத்திருக்காமல், உங்கள் உறுப்பினர் நிறுவனங்களில் மனமுவந்து முன்வரும் சிலவற்றில் அடுத்த மாத ஷிஃப்ட் பட்டியலையே பதினொரு மணி நேர இடைவெளியோடு தயாரிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதக் கணக்கை இதே அவையில் வைப்போம், குறை நிறைகளைச் சேர்ந்தே பார்ப்போம். தொழிலாளர் துறைக்கு அனுப்பவிருக்கும் கோரிக்கை மனு வலப்புறக் கதவருகே வைக்கப்பட்டிருக்கிறது. இன்றிரவு பணிக்குப் போக வேண்டிய தோழர்கள் முதலில் கையெழுத்திட்டுப் புறப்படுங்கள், மற்றவர்கள் அவர்களுக்கு வழி விடுங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் பேச நேரம் கூட்டித் தந்த அவைத்தலைவர் அவர்களுக்கும் நன்றி, வணக்கம்.