வறட்டு மாடும் வற்றிய மாடும்

(கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் கால்நடை வளர்ப்போர் நடுவே பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். இந்தக் குளிரில் காதுவரை மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

மாட்டு வைத்தியம் பார்த்துத் தலை நரைத்தவன் நான். நோயைவிடச் சொல் செய்த கேட்டைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பூம்பாறைப் பக்கம் ஓர் அம்மா, "வறட்டு மாடு ஐயா, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன்" என்றார். வியாபாரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கைவிட்டுப் பார்த்தால் ஏழு மாதச் சினை! சினை ஊசி நிற்கவில்லை என்று அந்த அம்மா தானாகவே முடிவு கட்டியிருக்கிறார். பாலும் நின்றதும் 'வறட்டு' என்று பேர் வைத்துவிட்டார். சினையே பிடிக்காததுதான் வறடு. இது வற்றிய மாடு. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு நாமே கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள், எருமைக்கு 310, ஆட்டுக்கு ஐந்து மாதம்.

அடுத்தது சீம்பால். இது என் வீட்டுக் கதை. சிறுவயதில் எங்கள் கிடேரி தலையீற்று ஈன்றது. அம்மா சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்தார். கத்தியால் வெட்டும் பதத்தில் இறுகியிருந்தது, தெருவுக்கே கொடுத்தோம். நான் மூன்று துண்டு தின்றேன். "நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் கன்றை விடலாம்" என்று பாட்டி சொல்ல, மாலைவரை கன்று பட்டினி. எட்டாம் நாள் கழிச்சலில் போய்விட்டது. கண்ணேறு என்றார்கள். கண்ணேறு இல்லை, நாங்கள் தின்றதுதான்!

கன்று தாய் வயிற்றிலிருந்து எதிர்ப்புச் சக்தி வாங்கி வருவதில்லை. அது சீம்பாலில்தான் வருகிறது. பிறந்த சில மணி நேரம்தான் குடல் அதை நன்றாக ஏற்கும், ஒரு நாள் போனால் ஏற்காது. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், அதில் பெரும்பகுதி முதல் இரண்டு மணி நேரத்திலேயே வேண்டும். கன்று முட்டிக் குடித்தால் நஞ்சுக்கொடி விழவும் அது உதவும். மிஞ்சினால் நீங்கள் அவித்துத் தின்னுங்கள், எனக்கும் ஒரு துண்டு.

ஆட்டைப் பற்றி இந்த ஊரில் நான் என்ன சொல்ல? 1965 முதல் செம்மறி ஆராய்ச்சி மையம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. ஒன்று மட்டும்: பொலிகிடாவை இரண்டு வருடத்திற்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லையென்றால் தன் மகளோடேயே சேரும், குட்டி நோஞ்சானாகும். பூண்டு விஷயத்தில் வாய் திறக்கமாட்டேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டுக்காரர்களுக்கு நான் பாடம் எடுப்பதா?

மாடு சினைக்கு வரும் பருவத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 21 நாளுக்கு ஒருமுறை மாடு கத்தும், கண்ணாடி போல ஒழுக்குத் தொங்கும். காலையில் கண்டால் மாலையில் ஊசி. மாலையில் கண்டால் மறுநாள் காலை. போட்ட தேதியைத் தொழுவத்துக் கதவில் கரியால் எழுதிவையுங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள். முதலில் அந்தத் தேதியைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.