பிப்ரவரியில் ஹவாய் கடல் குளிருமா? என்ன உடுத்தி நீந்தலாம்?

அடுத்த கேள்வி. "பிப்ரவரி கடைசியில ரெண்டு சின்னப் பிள்ளைங்களோட ஹவாய் போறோம். வெப்பமண்டலத் தீவுதானே, கடல் வெதுவெதுன்னு இருக்குமா? இல்ல, குளிர் தாங்குற ரப்பர் உடுப்பு, அந்த வெட்சூட் வேணுமா?" அப்படின்னு கேட்டிருக்காங்க.

வருஷத்துலயே அங்க கடல் அதிகமா குளிர்ந்திருக்கிற நேரமா பார்த்துப் புறப்பட்டிருக்கீங்க! டிசம்பர்லதானே குளிர்காலம்னு தோணும். ஆனா கடல் பெரிய அண்டாத் தண்ணி மாதிரி. மெல்லத்தான் சூடேறும், மெல்லத்தான் ஆறும். அதனால வெயில் குறைஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு, பிப்ரவரி மார்ச்சுலதான் தண்ணி ரொம்பக் குளிர்ந்திருக்கும். அதே மாதிரி செப்டம்பர் வாக்குலதான் நல்லா சூடா இருக்கும்.

குளிர்னதும் பயந்துடாதீங்க. பிப்ரவரியில சுமார் 24 டிகிரி செல்சியஸ், செப்டம்பர்ல 27. அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் ஏன் சிலர் வெடவெடன்னு நடுங்கிட்டுக் கரையேறுறாங்க? 24 டிகிரின்னா காத்துல சுகம், தண்ணியில அப்படி இல்ல. உடம்புச் சூட்டைத் தண்ணி காத்தைவிட 25 மடங்கு வேகமா கடத்திடும். அசையாம கிடந்தா, தண்ணி 33, 34 டிகிரி இருந்தாத்தான் உடம்பு சூட்டை இழக்காம இருக்கும். அப்போ 27 டிகிரித் தண்ணியும் ரொம்ப நேரம் கிடந்தா குளிரத்தான் செய்யும். அதனால மாசத்தைப் பார்த்து உடுப்பு எடுக்காதீங்க. எவ்வளவு நேரம் தண்ணியில இருப்பீங்க, அங்க என்ன செய்வீங்க, அதைப் பாருங்க.

கை கால் அடிச்சு நீந்துறவங்களுக்கு 24 டிகிரி ஒண்ணும் செய்யாது, சாதாரண நீச்சல் உடை போதும். ஸ்நார்க்கெலிங், அதாவது மூச்சுக் குழாய் மாட்டிக்கிட்டு முகம் குப்புற மிதக்கிறது, அந்தக் கதையே வேற. மீனைப் பார்த்துக்கிட்டு அப்படியே மிதப்பீங்க, அசைவே இருக்காது. நேரம் போகப் போக சிலருக்குப் பல்லு தந்தியடிக்கும். பிள்ளைங்க இன்னும் சீக்கிரம் குளிர்ந்துடுவாங்க, சின்ன உடம்புல இருந்து சூடு வேகமா போயிடும். உதடு நீலம் பாரிச்சா, "இன்னும் கொஞ்ச நேரம்"னு கெஞ்சினாலும் வெளிய தூக்கிடுங்க.

ரொம்பப் பேர் ரேஷ் கார்டை, அதான் தண்ணியில போடுற உடம்போட ஒட்டுற மெல்லிய சட்டையை வாங்கிட்டு, "இது குளிரைத் தாங்கவே இல்லையே"ன்னு சொல்றாங்க. அது குளிருக்குன்னு செஞ்சதே இல்லைங்க, வெயிலுக்கு. முகம் குப்புற மிதக்கிறப்ப முதுகும் முழங்காலுக்குப் பின்பக்கமும் நேரா வெயில்லதான் கிடக்குது. தண்ணி குளுகுளுன்னு இருக்கிறதால சுடுறதே தெரியாது, ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும். எனக்குத் தெரிஞ்சிருக்கு! நீளக்கை ரேஷ் கார்டு எல்லாருக்கும் எடுத்துக்கோங்க. பருத்தி டி-ஷர்ட் வேண்டாம். தண்ணியை உறிஞ்சி கனத்துப்போயிடும், கரையேறினதும் அங்க வடகிழக்குல இருந்து வீசுற வியாபாரக் காத்துல ஈரம் காயக் காய உடம்பு சில்லுன்னு ஆயிடும்.

வெட்சூட் ஸ்நார்க்கெலிங்குக்கும் பிள்ளைங்களுக்கும் நல்லது. 2 மில்லிமீட்டர் கனம் போதும், அரைக்கையோட தொடை வரைக்கும் வர்ற 'ஷார்ட்டி' எடுங்க. வெட்சூட் செய்யுற ரப்பரான நியோப்ரீன்ல பொடிப்பொடி வாயுக் குமிழிகள் இருக்கு, சூட்டை நிறுத்தி வைக்கிறது அதுதான். உடம்போட ஒட்டி இருக்கணும். தொளதொளன்னு இருந்தா, அசையுற ஒவ்வொரு தடவையும் புதுசா குளிர் தண்ணி உள்ள வந்து போகும். பிள்ளைங்களுக்கு "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்"னு பெரிய அளவு வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க.

சன்ஸ்கிரீன்ல ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட்ங்கிற ரசாயனங்க இருந்தா ஹவாய்ல 2021 ஜனவரியில இருந்து டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாது, பவளப்பாறைக்குக் கெடுதல்னு சட்டம். துத்தநாக ஆக்சைடு கலந்ததா பாருங்க.

கடைசியா, நீங்க கேட்காத ஒண்ணு. குளிர்காலத்துல வடக்குக் கரைகள்ல அலை வீடு உயரத்துக்கு எழும்பும். பிள்ளைங்களோட அந்தப் பக்கம் போனா கரையில நின்னு பாருங்க, இறங்காதீங்க. உயிர்காப்பாளர் இருக்கிற கடற்கரையாப் பார்த்து, இன்னைக்கு இறங்கலாமான்னு அவர்கிட்டயே கேட்டுட்டு இறங்குங்க. சரி, அடுத்த கேள்வி.