வாஸ் அடிகளாரும் அம்மாள் வருத்தமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

காணாமல்போன திறப்புக்கு அந்தோனியார், கொள்ளைநோய்க்குச் செபஸ்தியார் என்று புனிதர்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்து வைத்திருக்கிறோம். மட்டக்களப்பில் நானும் அப்படித்தான் வளர்ந்தேன். இன்று ஜனவரி 16, புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாள். அவருக்கு என்ன வேலை கொடுத்தோம் என்று கேட்டால் பதில் சட்டென்று வராது.

1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தாராம். காட்டிக்கொடுக்க நினைப்பவனின் முகமும் மாறியிருக்கும்தானே!

1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் போட்டார்கள். பிறகு அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனே அவரை மதித்தான். அவர் மன்றாடி மழை பெய்ததைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், நான் அதை விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியம் 1697.

அந்த ஆண்டு கண்டியில் பெரியம்மை. அரசனும் வசதியுள்ளவர்களும் நகரத்தை விட்டுப் போய்விட்டார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடிகளார் அவர்களுக்குக் குடில் போட்டார், சாப்பாடு கொண்டுபோனார், புண்களைக் கழுவினார், இறந்தவர்களைப் புதைத்தார். என்ன சமயம் என்று பார்க்கவில்லை.

நம்மூரில் அம்மாள் வருத்தம் என்றால் வாசலில் வேப்பிலை கட்டுவோம். கொரோனாக் காலத்தில் வேப்பிலைக்குப் பதிலாக அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு வீடு. உள்ளே இரண்டு பிள்ளைகள். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன், உண்மையைச் சொன்னால் என்ன? எதிர்வீட்டு அக்கா மட்டும் தினமும் கஞ்சியும் சோற்றுப் பார்சலும் கேற்றில் மாட்டிவிட்டு வந்தார். அவர் சைவம்.

2015 ஜனவரி 14, பொங்கலுக்கு முதல்நாள், காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். வழமையாக அதற்கு இரண்டாவது அற்புதம் ஒன்று வேண்டும். இவருக்கு அது தேவையில்லை என்று பாப்பரசரே விட்டுவிட்டார். கண்டியில் அந்தக் குடில்களுக்குள் நடந்ததற்கு மேல் என்ன அற்புதம் கேட்பது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பேச்சுக்கு ஆயத்தம் செய்தபோது அந்த அக்காவிடம் 1697 கதையைச் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்: “அவருக்கு அந்த வருத்தம் தொத்தல்லையா?”

“இல்லை அக்கா. அதுக்குப் பிறகும் 14 வருசம் இருந்துதான் கண்டியில் செத்தவர்.”

“அப்ப சரி” என்றுவிட்டுச் சுளகைத் தட்டினார்.