பழைய இங்கிலீஷ் வெள்ளி பாக்கெட் வாட்ச்: வாங்கும் முன் எங்கே பார்ப்பது?

திரையில் இருப்பது விக்டோரியா ராணி காலத்து வெள்ளி வாட்ச், சாவி கொடுக்கும் ரகம். டயலை அப்புறம் பார்க்கலாம், முதலில் பின்மூடியைத் திறங்கள்.

உள்ளே குட்டிக் குட்டி முத்திரைகள் தெரிகிறதா? ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் வெள்ளி 92.5 சதவீதம். நங்கூரம் என்றால் முத்திரை குத்திய ஊர் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை லண்டன், மூன்று கோதுமைக் கட்டும் ஒரு வாளும் செஸ்டர். பக்கத்தில் ஒற்றை எழுத்து இருக்கும், அதுதான் வருடம்; ஆனால் எழுத்து வரிசை ஊருக்கு ஊர் வேறு, அதனால் ஊர் முத்திரையைப் பார்க்காமலே வருடம் சொல்கிற ஆளை நம்பாதீர்கள்.

முத்திரை மழுங்கிப் போயிருந்தால் யாரோ வருடக்கணக்கில் பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பளபளப்பைக் காட்டி விலை ஏற்றுவார்கள், எனக்கென்னவோ கறுத்துப்போன வாட்ச்தான் பிடிக்கும், அதில் செதுக்கிய கோடுகளாவது மிச்சம் இருக்கும்.

அடுத்து நம்பர். கேஸில் இருக்கும் நம்பரும் உள்ளே மெஷினில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்காகக் கேஸை உருக்கிவிட்டு மெஷினை மட்டும் வைத்திருந்து, பிறகு வேறு கேஸில் போட்டு விற்பது நிறையவே நடந்திருக்கிறது. மெஷினில் பொறித்த பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், பெரும்பாலும் அது விற்ற கடைக்காரர் பெயர். அப்போது லங்காஷயரில் இருந்த பிரெஸ்காட்டில் அரைகுறையாகச் செய்த மெஷின்கள் கவென்ட்ரி, லண்டன், லிவர்பூல் என்று போய்த்தான் முழு வாட்ச் ஆயின.

டயல் எனாமல், அதாவது சுட்டு உருக்கிய கண்ணாடிப் பூச்சு. கண்ணாடியைத் திறந்து, 6 மணிக்குக் கீழே உள்ள சின்னக் கொக்கியை நகத்தால் அழுத்தினால்தான் மெஷின் மேலே எழும்பும், நகம் வழுக்கினால் எனாமல் உடையும், அதனால் அந்த இடத்தில் சில்லு பெயர்ந்திருப்பது சகஜம். மயிரிழைக் கீறல்களை நான் பொருட்படுத்துவதில்லை. பெயர்ந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் பூசியிருந்தால் விலையைக் குறையுங்கள்.

இப்போது இந்த வாட்சின் உயிர்நாடி, ஃபியூஸி என்கிற கூம்பு. முழுச் சாவி கொடுத்த ஸ்பிரிங் பலமாக இழுக்கும், நேரம் போகப் போகத் தளரும், வாட்சும் தடுமாறும். அதைச் சரிக்கட்டத்தான் இந்தக் கூம்பு: ஸ்பிரிங் பலமாக இருக்கும்போது அதிலிருந்து வரும் சங்கிலி கூம்பின் ஒல்லியான நுனியை இழுக்கும், தளர்ந்ததும் அகலமான அடிப்பக்கத்தை இழுக்கும், ஆகவே சக்கரங்களுக்குப் போகிற விசை கிட்டத்தட்ட ஒரே அளவு. சங்கிலியை லென்ஸ் வைத்துப் பாருங்கள், சைக்கிள் செயின் போலவே கண்ணியும் ஆணியுமாக, ஆனால் தடிமன் நூல் அளவுதான்! இங்கிலாந்தின் தென்கரையில் கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் பெண்களும், ஏழை விடுதியில் இருந்த சிறுவர் சிறுமியரும் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலை இது. மற்ற நாட்டுக்காரர்கள் ஃபியூஸியைக் கைவிட்ட பிறகும் இங்கிலாந்துக்காரர்கள் பிடிவாதமாக வைத்திருந்தார்கள், மெலிதான, விலை குறைந்த சுவிஸ், அமெரிக்க வாட்சுகளிடம் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாவி கொடுக்கும்போது ஒன்று மட்டும் கவனம்: ஃபியூஸி வாட்சுக்குப் பெரும்பாலும் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். முழுதாகச் சுற்றியதும் சட்டென்று முட்டி நிற்கும். அங்கேயே விட்டுவிடுங்கள், பலம் போட்டால் சங்கிலி அறுந்துவிடும்.