நீர் ஏறி வடியும் நிலத்து மரம்

பெரியோர்களே, நண்பர்களே, வாசிகசாலைப் பிள்ளைகளே, வணக்கம்.

களுத்துறை மாவட்டத்தில், புளத்சிங்களப் பக்கம், வத்துரான என்றொரு நன்னீர்ச் சதுப்புக்காடு இருக்கிறது. மழை பெருத்தால் காட்டுக்குள் வெள்ளம் ஏறும். மழை ஓய்ந்தால் வடிந்து சேறாகக் கிடக்கும். மிகச் சிறிய காடு. ஸ்டெமோனோபோரஸ் மூனி என்ற மரத்துக்கு உலகத்திலுள்ள முதன்மையான புகலிடம் அதுதான். சிங்களத்தில் ஹொர வெல் என்பார்கள். மிக அருகிப்போன இனம். 1824 இல் இலங்கைத் தாவரங்களுக்குப் பட்டியல் வெளியிட்ட பேராதனைப் பூங்கா அதிகாரி அலெக்சாண்டர் மூனின் பெயரை இது தாங்கி நிற்கிறது. நம் தேசிய மரமான நாக மரத்துக்கு உறவான, இதைப் போலவே அரிய இன்னொரு மரமும் அங்கே உண்டு.

சரி, களுத்துறை மரத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தில் ஏன் பேச வேண்டும்?

அதன் விதையைப் பாருங்கள். கோயிலில் புகைக்கிற குங்கிலியத்தைத் தரும் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. அந்தக் குடும்பத்தில் பல மரங்களின் காய்க்குச் சிறகு உண்டு, காற்றில் சுழன்று கொஞ்சத் தூரமாவது போகும். இந்த மரத்தின் காய்க்குச் சிறகு இல்லை. தாய்மரத்தின் காலடியிலேயே விழும். இக்குடும்பத்து விதைகளைக் காயவைத்துப் பல வருடம் பத்திரப்படுத்தவும் முடியாது. ஈரம் போனால் உயிரும் போய்விடும். நெல்லைப்போல் கோர்க்காலியில் கட்டிவைக்கிற விதை இல்லை அது. விழுந்த இடத்தில், விழுந்த கையோடு முளைக்க வேண்டும். அந்த இடத்தை மண் போட்டு நிரப்பிவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை. நிற்கிற பெரிய மரம் இன்னும் பல வருடம் பச்சையாகவே நிற்கும், பார்ப்பவருக்கு எல்லாம் நலம் என்றே தோன்றும். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்.

தண்ணீர் நிற்கும் மண்ணில் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. அதைத் தாங்கப் பழகிய மரங்களே அங்கே நிற்கும். வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் மற்ற மரங்கள் உள்ளே வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, மரத்தைச் சுற்றி வேலி போட்டால் மட்டும் போதாது. வெள்ளம் வரும் வழியையும் போகும் வழியையும் காக்க வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நமக்கு ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கியாறு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும். ஐப்பசி கார்த்திகையில் தரவை என்கிற தாழ்ந்த வெளி நிரம்பும், குளம் நிரம்பும், பங்குனி சித்திரையில் வெடித்துக் கிடக்கும். அந்த வரவையும் போக்கையும் நம்பித்தான் குளக்கரை மருதமும் நிற்கிறது. மருதங்காய்க்கு ஐந்து சிறகு. கொஞ்சம் நகர அதற்கு வழி இருக்கிறது. ஆனால் போய்ச் சேர ஒரு ஈரக்கரை வேண்டாமா? மானிப்பாயில் மருதடியிலேயே பிள்ளையாரை வைத்துக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட நாங்கள்தான் கோடையில் தரவையைப் பார்த்து “சும்மா கிடக்கிற காணி” என்று சொல்லி மண் கொட்டுகிறோம். அது சும்மா கிடக்கவில்லை, ஐயா. நம் கிணறுகளுக்கு ஆறு பெருக்கெடுத்து ஓடும் மலைநாடு பின்னால் இல்லை. தரவையிலும் குளத்திலும் தங்கும் மாரித் தண்ணீர்தான் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது.

ஆகவே பிள்ளைகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். வருகிற கார்த்திகையில் உங்கள் ஊர்த் தரவையில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று கல் நட்டு அடையாளம் வையுங்கள். அந்த எல்லைக்குள் நிற்கும் மரங்களின் பெயரை அப்பு ஆச்சியிடம் கேட்டு எழுதுங்கள். காய்ப்பது எப்போது, கன்று முளைத்திருக்கிறதா என்பதையும் குறியுங்கள். படம் கீறி இந்த வாசிகசாலையிலேயே வையுங்கள். தை பிறந்ததும் அதை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் நாங்கள் கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச சபைக்கும் போகிறோம்.