உப்பில் பிறந்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹங்கேரி என்றதும் நம் பேச்சு பெரும்பாலும் புடாபெஸ்டோடு நின்றுவிடுகிறது. நான் இன்று அந்நாட்டின் தென்கோடிக்குப் போகிறேன். செர்பிய, ருமேனிய எல்லைகள் இரண்டுக்கும் அருகில், திசா ஆற்றங்கரையில் இருக்கிறது செகெட் நகரம்.

இந்த ஊரை வளர்த்தது உப்பு. இன்று ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாவின் சுரங்கங்களில் வெட்டிய உப்பு மாரோஷ் ஆற்றின் வழியே படகில் வரும். மாரோஷ் திசாவில் கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் செகெட். 1183-ஆம் ஆண்டு ஆவணமொன்றில் ஊரின் பெயர் முதன்முதலாக வருவதும் உப்புப் போக்குவரத்தை ஒட்டித்தான். பின்னர் துருக்கியர் ஆட்சியும் வந்து போனது, படகுத்துறை நிலைத்தது.

வாணிகத்துக்கு வாய்த்த இடம் குடியிருக்க அவ்வளவு வாய்ப்பானதல்ல. ஹங்கேரியிலேயே மிகத் தாழ்ந்த நிலம் இந்நகரை ஒட்டித்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 76 மீட்டர். சமவெளியில் நெளிந்து நெளிந்து ஓடிய திசாவை 1846 முதல் நேராக்கத் தொடங்கினார்கள். வளைவுகளை வெட்டினார்கள், இருபுறமும் கரை கட்டினார்கள். வெள்ளம் பரவிக் கிடந்த சதுப்பெல்லாம் வயலாயிற்று. பரவ இடமில்லாத தண்ணீர் என்ன செய்யும்? கரைகளுக்கு நடுவே உயர்ந்தது. வயல் கிடைத்தது மேட்டில் இருந்தவர்களுக்கு. அதன் விலையைக் கொடுத்தது கீழே இருந்த செகெட் என்றே நான் சொல்வேன்.

1879 மார்ச் தொடக்கத்தில் நகருக்கு வடக்கே கரை உடைந்தது. தண்ணீர் உடனே ஊருக்குள் வந்துவிடவில்லை. இடையில் நின்ற ரயில் பாதை மேட்டை மண் போட்டு உயர்த்தியபடி மக்கள் ஒரு வாரம் போராடினார்கள். 12-ஆம் தேதி விடியுமுன் அதுவும் போயிற்று. பெரும்பாலானவை பச்சைச் செங்கல் வீடுகள், நனைந்ததும் சரிந்தன. 5,723 வீடுகளில் எஞ்சியவை 265.

மறுபடி கட்டியபோது பழைய சந்துகளைத் தேடவில்லை. தரையை மண் கொட்டி உயர்த்தினார்கள். ஆற்றங்கரையில் தொடங்கி ஆற்றங்கரையில் முடியும் இரண்டு அரைவட்டச் சாலைகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் நேர்ச்சாலைகள்: வரைபடத்தில் பாதி வண்டிச் சக்கரம்போலத் தெரியும். வெளிவட்டத்தின் பகுதிகளுக்குப் பாரிஸ், லண்டன், ரோம், பிரஸ்ஸல்ஸ் என்றெல்லாம் பெயர். உதவி அனுப்பிய ஊர்களுக்கான நன்றி அது.

முதல் உலகப் போருக்குப்பின் எல்லைகள் மாறின. உப்பு வந்த மாரோஷின் பெரும்பகுதி ருமேனியாவுக்குப் போனது. நாட்டின் நடுப்பகுதி ஊர்போல இருந்த செகெட் எல்லையோர ஊராயிற்று. அந்த இழப்போடு ஒரு வரவும் உண்டு: டிரான்சில்வேனியாவின் கொலோஷ்வாரில் இருந்த பல்கலைக்கழகம் 1921-ல் இங்கே இடம்பெயர்ந்தது. அங்கே பணியாற்றிய ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, உள்ளூர் பேப்ரிகா மிளகாயிலிருந்தே வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937-ல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆறு அடங்கிவிட்டதா என்றால், இல்லை. 2006 ஏப்ரலில் செகெட் அளவுகோலில் திசா 10 மீட்டரைத் தாண்டியது. அதுவரை அங்கே பதிவாகாத உயரம். அந்த முறை கரை தாங்கியது.

நன்றி, வணக்கம்.