விடுமுறைக்கு முன் ஒரு சூளை

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியமும் களிமண் வேலையும் கற்றுத்தரும் ஆசிரியை என்ற முறையில், ஆண்டுதோறும் டிசம்பரில் எங்கள் வகுப்பறையில் ஏற்படும் நெருக்கடியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்குவதற்குள், பிள்ளைகள் செய்த பாண்டங்களையும் பொம்மைகளையும் சுட்டு அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில்தான் இந்த ஊரில் மண் காய்வதற்கு மிகவும் தாமதமாகிறது.

நீர்வண்ணம் தீட்டிய தாள் சற்று நேரத்தில் காய்ந்துவிடும் என்பதால், கடைசி வகுப்பில் வரையத் தொடங்கிய மாணவரும் அன்று மாலையே படத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். சுடாத பசுமண் கலத்தை அப்படி அவசரப்படுத்த முடியாது. மேற்புறம் வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். சூளையின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த ஈரம் ஆவியாகி, நீராக இருந்தபோது அடைத்திருந்த இடத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் விரியப் பார்க்கும். வெளியேற வழியில்லாவிட்டால் பாண்டம் வெடித்துவிடும்.

பணியில் சேர்ந்த புதிதில் நானே இந்தத் தவற்றைச் செய்தேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்த தடித்த யானைப் பொம்மையை, விடுமுறைக்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசையில், முழுவதும் காயாத நிலையிலேயே சூளையில் அடுக்கிவிட்டேன். மறுநாள் திறந்தபோது யானை சில்லுகளாகச் சிதறியிருந்தது. அதன் துண்டுகள் பட்டு, பக்கத்தில் இருந்த வேறு இரு பிள்ளைகளின் விளக்குகளும் உடைந்திருந்தன. அந்த மூன்று பிள்ளைகளின் முகங்கள் இன்றும் என் கண்முன் நிற்கின்றன.

அன்று முதல் நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணத் தொடங்கினேன். சூளையை மெதுவாகச் சூடேற்றி 1000 டிகிரி அளவுக்குக் கொண்டுவர ஒரு பகல் வேண்டும். அது தானாக ஆறுவதற்கு ஏறக்குறைய இன்னொரு நாள் ஆகும். பளபளப்புப் பூச்சு கொடுக்க வேண்டுமானால், பூசுவதற்கு ஒரு வகுப்பும், மறுபடி சுட்டு ஆறவிட இரண்டு நாட்களும் கூடுதலாகத் தேவை. மழைக்காலத்தில் காய்வதற்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் விட வேண்டியிருக்கிறது. தேர்வு நெருங்கும் நாட்களில் ஓவிய வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் சேர்த்தால், நவம்பர் நடுவிலேயே புதிய மண் வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று தெரிகிறது. அந்தத் தேதியை ஜூன் மாதத்திலேயே கரும்பலகையின் மூலையில் எழுதிவிடுகிறேன்.

காய வைப்பதும் ஒரு பாடம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுவரின் தடிமன் சுண்டுவிரலளவைத் தாண்டக்கூடாது; பெரிய பொம்மையானால் உள்ளே குடைந்து, அடியில் துளையிட வேண்டும். குவளையின் கைப்பிடி உடலைவிட விரைவில் காய்ந்து ஒட்டிய இடத்தில் விரிசல் விடும் என்பதால், அதை மட்டும் பாலிதீன் துண்டால் மூடி வைக்கச் சொல்கிறேன். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கும். காய்ந்துவிட்டதா என்று அறியப் பாண்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ச்சியாக இருந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைகள்கூட இதைச் சரியாகக் கணிக்கிறார்கள்.

அப்படியும் சிலருடைய வேலை முடியாமல் நின்றுவிடும். அவர்களிடம் இரண்டு வழிகளைச் சொல்வேன். பாதி முடிந்ததை ஈரத்துணியால் சுற்றி, பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டிவைத்தால் ஜனவரியில் தொடரலாம். வேண்டாமென்றால் நன்றாகக் காயவிட்டு நீரில் போட்டால், கரைந்து மீண்டும் களிமண்ணாகிவிடும். சுமார் 600 டிகிரியைத் தாண்டிச் சுட்டபிறகு அது திரும்பவும் களிமண்ணாகாது. ஆகவே எதைச் சுடுவது, எதைக் கரைப்பது என்ற முடிவைப் பிள்ளைகளிடமே விடுகிறேன். நேரம் குறைவாக இருந்தால் இரண்டாம் முறை சுடும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. அவசரமாகப் பூசிய பூச்சைவிட, ஒரே முறை பொறுமையாகச் சுட்ட செம்மண் விளக்கு எனக்கு அழகாகத் தெரிகிறது.

தேர்வு முடிந்த நாளில் பிள்ளைகள் சூளையைச் சுற்றி நிற்பார்கள். உள்ளே இன்னும் சூடாக இருக்கும்போது குளிர்காற்று பட்டால் கலங்கள் கீறிவிடும் என்பதால், கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறும்வரை அவர்களையும் காக்க வைப்பேன். கதவு திறந்ததும் பலர் தங்கள் பாண்டத்தை அடையாளம் காணாமல் திகைப்பார்கள். காய்ந்தும் வெந்தும் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கி, சாம்பல் நிறம் போய்ச் சிவந்திருக்கும். பிறகு அடியைத் திருப்பி, நவம்பரில் குச்சியால் தாங்களே கீறிய பெயரைத் தேடிப் படிப்பார்கள்.